வாளியில் காத்திருந்த பியர்

மயூரி வாடகைக்கு இருந்த, வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது. அதில் ஒரு படுக்கையறை, ஒரு சமையல் மூலை, ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. அந்தச் சாமான் அறையில்தான் அவளும் கொன்ஸ்ரன்சும் பியர் செய்தார்கள்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். மயூரிக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. கொன்ஸ்ரன்ஸ் தனியார் பாடசாலையொன்றில் இரசாயனம் படிப்பித்தாள்; கொட்டாஞ்சேனையில் தாயோடு இருந்தாள். பியர் அவளுடைய யோசனை. முளைகட்டிய பார்லியான மோல்ட்டையும் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவையும் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மூடியுள்ள பெரிய வாளியில் ஊற்றி, புளிக்கவைக்கும் ஈஸ்ட் தூவுவார்கள். மூடியில் செருகிய சிறு குழாயில் தண்ணீர் நிற்கும். உள்ளிருந்து காற்று அதற்குள்ளால் குமிழி விட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. அனுமதி இல்லாமல் வீட்டில் பியர் செய்வது குற்றம் என்பதால் மூன்றாவது ஆளுக்கு இது தெரியாது. என்றைக்காவது முறைப்படி அனுமதி எடுத்து, கடற்கரையோரம் சின்னதாக ஒரு இடம் திறப்பதுதான் இருவரின் ஆசை.

அந்த ஆசைக்காக மயூரி ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தாள். போன வருடம் மெல்பேர்னில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கிருக்கும் அண்ணன் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னான். செய்தியைச் சொன்ன அன்று கொன்ஸ்ரன்ஸ் கடலோரம் காலிமுகத்திடலில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாரும் போகினம். நீயும் போனா நான் ஆரோட கதைக்கிறது? ரெண்டு பேரும் இஞ்சயே இருந்து ஏதாவது செய்வமடி" என்றாள். மயூரி ஒரு கிழமை யோசித்துவிட்டு அந்த இடம் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை.

இந்த முறை ஒரு போயா, பௌர்ணமி விடுமுறையில் பியர் போட்டார்கள். குமிழி நன்றாக எழும்பத் தொடங்கிய பிறகு கொன்ஸ்ரன்ஸ் வந்து, மன்னாரில் மாமிக்குச் சுகமில்லை, போய்ப் பார்க்க ஆளில்லை, அம்மாவுக்கு முழங்கால் நோ, அதனால் தான்தான் போகவேண்டும் என்றாள்.

"நான் வாறவரைக்கும் போத்தல்ல அடைச்சிடாத. ரெண்டு பேருமாச் செய்வம்" என்றாள்.

"வர நாளெடுத்தா?"

"ஒண்டும் ஆகாது. குழாய்த் தண்ணி வத்தாமப் பார். மூடியைத் திறக்காத."

மயூரி சொன்னபடி செய்தாள். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் சாமான் அறைக் கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் குறைந்திருந்தால் கரண்டியால் விட்டாள். இரண்டாம் கிழமை முடிவில் குமிழி நின்றது. வட்ஸ்அப்பில் கேட்டாள். நின்றால் நல்லது, இனித் தெளியும், இன்னும் இரண்டு கிழமை அப்படியே இருக்கட்டும் என்று குரல்பதிவு வந்தது. அது முடிந்ததும் மீண்டும் கேட்டாள். மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களும் உண்டு, அவசரப்படாதே என்று பதில் வந்தது. மாமிக்கு எப்படி என்று கேட்டால் 'அப்படியேதான்' என்று மட்டும் வரும். வீடியோவில் அழைத்தால் சிக்னல் இல்லை என்பாள்.

ஆனால் கொழும்பு வெயிலில் அந்த அறை அடுப்பாகக் கொதித்தது. சூட்டில், அடியில் படிந்த ஈஸ்ட்டின் மேல் அதிக நாள் கிடந்தால் பியர் நாறும் என்று மயூரி எங்கோ வாசித்திருந்தாள். அடைத்து வைப்போம், அவள் வந்ததும் குடிக்கத் தயாராக இருக்கும் என்று நினைத்தாள். பியரை இறக்கும் றப்பர் குழாயும் மூடி அடிக்கும் கருவியும் கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் இருந்தன. சனிக்கிழமை புறக்கோட்டையில் பஸ் மாறி கொட்டாஞ்சேனைக்குப் போனாள்.

கொன்ஸ்ரன்சின் தாய் பலகைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மயூரியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா மகள். இப்பதான் நினைச்சனான். அவள் போனபிறகு நீ இந்தப் பக்கமே வரேல்ல."

"வேலை கூட, அன்ரி. மாமிக்கு இப்ப எப்படியாம்?"

"எந்த மாமிக்கு?"

"மன்னார் மாமிக்கு."

"அவ நல்லா இருக்கிறா. நேத்தும் கதைச்சனான்." அவர் முழங்காலைத் தடவினார். "அண்டைக்கு எயார்போட்டுக்கு நீ கூடப் போனபடியா எனக்கு நிம்மதி. இந்தக் காலோட எனக்குப் போக ஏலாது தானே. வழியில வத்தளையில நீயும் வாகனத்தில ஏறுறாய் எண்டு சொன்னவள்."

மயூரி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"நியூசிலாந்தில சரியான குளிராம்" என்று தாய் தொடர்ந்தார். "படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வீட்டுக்குக் கிட்டவாம். இவ்வளவு இழுபட்டுக் கடைசியாக் கிடைச்சுது. முந்தின வருச நத்தாருக்கு முன்னமே விண்ணப்பம் போட்டவள், தெரியும் தானே."

மயூரிக்குத் தெரியாது. காலிமுகத்திடலில் கொன்ஸ்ரன்ஸ் அழுதது அந்த நத்தார்ப் பண்டிகை முடிந்து, போன வருட மாசி மாதத்தில்.

தாயிடம் எதையும் உடைத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தந்த தேநீரைக் குடித்து, கொன்ஸ்ரன்சின் அறையில் கிடந்த குழாயையும் கருவியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே அழைத்தாள். இந்த முறை உடனே எடுத்தாள் கொன்ஸ்ரன்ஸ்.

"நான் உங்கட வீட்டால வாறன்" என்றாள் மயூரி.

"அம்மா சொல்லிட்டாவா?"

"ஓம்."

"போய்ச் சேர்ந்து ஒரு நிலைக்கு வந்தாப்பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். முன்னமே சொன்னா கண்ணூறு படும்."

"என்ர கண்ணா?"

"அப்பிடிச் சொல்லேல்ல."

"மாசியில என்னைப் போகாத எண்டு அழுதாய். அப்ப உன்ர விண்ணப்பம் போட்டு முடிஞ்சுது."

"கிடைக்கும் எண்டு எனக்கே நம்பிக்கை இருக்கேல்ல, மயூ. கிடைக்காட்டி நான் தனிச்சுப் போயிடுவன் எண்டு பயந்தனான். அண்டைக்கு அழுதது நடிப்பில்ல."

நடிப்பாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மயூரிக்குத் தோன்றியது. உண்மையாகவே அழுதுகொண்டு ஒருத்தியால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

"பியர் எவ்வளவு காலம் இருக்கும் எண்டு கேக்கக் கேக்க நாள் கூட்டிக் கூட்டிச் சொன்னாயே. ஏன்?"

"வேற என்ன சொல்லுறது? நீ கேக்கிற நேரமெல்லாம் இண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைப்பன். பிறகு பியரைப் பற்றி மட்டும் சொல்லிட்டு வச்சிடுவன்." பிறகு மெதுவாக, "அம்மா தனிய இருக்கிறா. இடைக்கிடை போய்ப் பார்ப்பியா?" என்றாள்.

"அதை இண்டைக்கு என்னட்டக் கேக்காத" என்று சொல்லி மயூரி அழைப்பைத் துண்டித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாளியைக் குளியலறைக்கு இழுத்துப்போனாள். முழுவதையும் கொட்டிவிடும் எண்ணத்தில் மூடியைத் திறந்தாள். புளித்த வாடை வரவில்லை. ஒரு கோப்பையில் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். தெளிந்து, இலேசான கசப்போடு, இதுவரை அவர்கள் செய்ததிலேயே நன்றாக இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது. கெட்டுப்போயிருந்தால் ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம்.

அழுது முடிந்ததும் எழுந்து போத்தல்களைக் கொதிநீரில் கழுவினாள். குழாயின் ஒரு நுனியை வாளியில் ஒருத்தி பிடிக்க, மற்றவள் போத்தலைப் பிடிக்க வேண்டிய வேலை அது. தனியாகச் செய்தபோது குழாய் இரண்டு தரம் நழுவியது, நிலமெல்லாம் பியர். சில மூடிகள் கோணலாக விழுந்தன. காற்பங்குக்கு மேல் சிந்திப் போனது. மிச்சத்தை அடைத்தாள்.

மயூரி எழுதிக் கேட்டபோது மெல்பேர்ன் பல்கலைக்கழகம் பழைய இடத்தைத் திருப்பித் தரவில்லை. புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. அண்ணன் "இந்த முறையாவது வருவியா?" என்று கேட்டுவிட்டு, வேறெதுவும் பேசாமல் உதவினான். கொன்ஸ்ரன்சின் குரல்பதிவுகள் இன்னும் வருகின்றன. மயூரி அவற்றைக் கேட்பதில்லை, அழிப்பதுமில்லை. தாயைப் பார்க்க ஒருமுறை போனாள், கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தாள். மகளைப் பற்றி இருவரும் பேசவில்லை.

விசா இன்னும் வரவில்லை. கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே என்று மயூரியின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் சொல்கிறார். அவளோ ஒபிஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கார அன்ரிக்கும் சொன்னாள், மீன் கொண்டுவரும் அண்ணனுக்கும் சிங்களத்தில் சொன்னாள்: நான் போகப் பார்க்கிறேன், கிடைத்தால் போய்விடுவேன்.