நசுங்காத எலுமிச்சம்பழம்

பழிவாங்க நான் செலவழித்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆயுத பூசை அன்று கங்கைகொண்டான் ஆலையில் முதலாளி கைலாசம் அண்ணாச்சி தன் கையாலேயே எல்லோருக்கும் பொரி கொடுத்துக்கொண்டு வந்தார். ராதாபுரத்திலிருந்து வந்து மின்சாரப் பேருந்து செய்து பெரிய ஆளானவர். வடிவமைப்புத் தலைவர் கணேஷ்ராம் அவர் தோளை உரசிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, நம்ம புதுக் காருக்கு நெல்லையப்பர் வாசல்ல பூசை போடாமலா திங்கக்கிழமை விற்பனைக்குக் கையெழுத்துப் போடப்போறீய?" என்றேன்.

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்லவேள சொன்னம்மா! எலுமிச்சம்பழத்துல ஏறாத வண்டிய நான் இதுவரைக்கும் வித்ததே இல்ல."

கணேஷ்ராமின் முகம் செத்துப்போனது. திருநெல்வேலியில் வண்டிக்குப் பூசை வேண்டாம் என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் காரை வரைந்தவள் நான். சித்ரலேகா என்ற என் பெயர் அதன் எந்த மூலையிலும் இல்லை. டெல்லிக் கண்காட்சிக்கு, பணக்காரர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி, பார்வைக்கு மட்டும் ஒரு கான்செப்ட் கார் வேண்டும் என்றார்கள். குறுக்குத்துறையில் ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றி வளைவதைப் பார்த்து அதன் பக்கவாட்டுக் கோட்டைப் போட்டேன். கடைசித் தாளில் என் கைப்பட எழுதியும் வைத்தேன்: "மேடைக்கு மட்டும். சாலைக்கு என்றால் பன்னிரண்டு மாற்றங்கள் வேண்டும்."

தரைக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சக்கரங்களை மறைக்கும் உறை. மாட்டுவண்டி வேகத்தில் நகர்த்த ஒரு குட்டி மோட்டார். மேடைக்கு இது தாராளம். அதை அப்படியே கடையில் வைத்து விற்றால் வாங்கியவன் முதல் வேகத்தடையிலேயே நம்மைச் சபிப்பான். விற்கத்தான் வேண்டும் என்றால் உயரத்தைக் கூட்ட வேண்டும், அழகைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

கணேஷ்ராம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மேடையேறினான். இது விற்பனைக்கு வருமா, வெறும் காட்சிதானா என்று நிருபர்கள் கேட்டார்கள். "நான் வரைந்த ஒரு கோடுகூட மாறாமல் அடுத்த வருடம் சாலைக்கு வரும்" என்றான். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை எரிகிறது. ஊர் திரும்பியதும் பேருந்துக் கதவுக்குக் கைப்பிடி வரையும் மூலைக்கு என்னைத் தள்ளினான்.

நியாயம் கேட்டிருக்கலாம். தாளின் நகல் என் பையிலேயே இருந்தது. ஆனால் தாளைக் காட்டினால் அவன் ஆயிரம் சமாதானம் சொல்வான். எலுமிச்சம்பழத்துக்கு என்ன சமாதானம் சொல்வான்? எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. பட்டர் சந்தனம் வைத்தார், சூடம் காட்டினார். பிறகு பழங்களோடு குனிந்து தேடினார்.

"சக்கரம் எங்கன இருக்கு?"

உறையைத் தாண்டிக் கை போகவில்லை. கடைசியில் வண்டியின் மூக்குக்கு முன்னால் இரண்டு பழங்களை வைத்து நிமிர்ந்தார். கணேஷ்ராமே ஓட்டினான். வண்டி பைய நகர்ந்தது. பழங்கள் நசுங்கவில்லை, வண்டிக்கு முன்னால் உருண்டு ஓடின. ஒன்று பூக்கடைப் பக்கம் போய்விட்டது. இன்னொன்று வண்டியின் மூக்குக்கும் தரைக்கும் நடுவே இறுகிச் சிக்கியது. மோட்டார் முனகியது. வண்டி நின்றுவிட்டது.

"ஏலே, பழம் காரைப் பிடிச்சு நிறுத்திட்டுலே!" என்று யாரோ கத்த, வீதியே சிரித்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "என்ன வே இது?"

கணேஷ்ராம் வேர்த்து விறுவிறுத்து இறங்கினான். "அண்ணாச்சி, இத வரைஞ்சது நானில்ல. இந்தா நிக்காளே, சித்ரலேகா, இவதான் வரைஞ்சா."

இந்த வார்த்தைக்குத்தான் எட்டு மாதமாக ஏங்கினேன். பழி போட ஆள் தேவைப்பட்டபோதுதான் அவனுக்கு என் பெயர் நினைவுக்கு வந்தது.

"ஆமா அண்ணாச்சி, நான்தான்" என்று பையிலிருந்த நகலை நீட்டினேன். அண்ணாச்சி உதட்டை அசைத்து இரண்டு தரம் படித்தார்.

"மேடைக்கு வரைஞ்சதத் தெருவுல விக்கப் பாத்தீராக்கும்?" என்று அவனிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எம்மா, பழத்த நசுக்குத மாதிரி ஒரு வண்டி வரைஞ்சு தருவியா?"

"தருவேன். இவ்வளவு அழகா இருக்காது."

"ஓடும்லா?"

"ஓடும் அண்ணாச்சி. ஆனா என் பேரு அதுல இருக்கணும். ஒவ்வொரு சோதனை வண்டிக்கும் இவருதான் குனிஞ்சு பழம் வைக்கணும்."

"வைப்பாரு" என்றார் அண்ணாச்சி, அவனைக் கேட்காமலே.

காரை மறுபடி லாரியில் ஏற்றும்போது சங்கிலி உரசி என் ஆற்றுக் கோட்டில் நீளமாகக் கீறல் விழுந்தது. என்ன இருந்தாலும் நான் பெற்றது. அழுதிருப்பேன், கணேஷ்ராம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதால் அழவில்லை.

கார் மேலே எழுந்ததும் சிக்கியிருந்த பழம் முழுசாக வெளியே உருண்டு வந்தது.

"எடும் வே" என்றார் அண்ணாச்சி.

அவன் குனிந்து எடுத்து என் கையில் வைத்தான். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்தேன். நல்ல சாறுள்ள பழம்.