வாட்ச்மேனுக்கு உப்பு

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், காலமான சர்வேயரின் மீன்தொட்டியும், அதிலுள்ள நாற்பது லிட்டர் கடல்நீரும், அதில் குடியிருக்கும் சகல ஜீவராசிகளும் அன்னாரின் அண்ணனுடைய நேரடி மேற்பார்வையில் பூரண நலத்துடன் உள்ளன.

காலை பத்து மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று இதை வெளியிட்டவர் அந்த அண்ணனேதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பவர்களும் உண்டு.

அறிவிப்பு வெளியான நேரத்தில் சர்வேயரின் மனைவி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாய்க்குள் வந்தது. துப்பிவிட்டுக் குழாயை வாளிக்குள் விட்டாள்.

“இவ்ளோ கரிக்கக் கூடாதே,” என்றாள் மகளிடம். “அப்பாவோட அந்தக் கருவிய எடு.”

ஐந்து நாள் மருத்துவமனை. விடியற்காலையில் முடிந்துவிட்டது. உடலைத் தர இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கி என்று, மருமகனை அங்கே நிறுத்திவிட்டு வீடு வந்திருந்தாள். வந்ததும் தொட்டியிடம் போனது அங்கே கூடியிருந்த யாருக்கும் பிடிக்கவில்லை.

உப்பு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய கோடு நாற்பத்தொன்றில் நின்றது.

“மாமா, தொட்டியில என்ன ஊத்துனீங்க?” என்று கணவரின் அண்ணனான மச்சாண்டாரிடம் கேட்டாள்.

“தண்ணி குறையக் குறைய ஊத்துனேன். ஒரு நாள் தவறல.”

“வெறும் தண்ணியா?”

“கடல் மீனும்மா அது. தினமும் அவன் டப்பாலேர்ந்து ஒரு பிடி உப்பு எடுத்து, கலக்கி ஊத்துனேன். இது கூடவா எனக்குத் தெரியாது?”

“உப்பு போடாதீங்கன்னு போன்ல சொன்னேனே.”

“நீ பதட்டத்துல சொன்ன. நான் யோசிச்சு செஞ்சேன்.”

மகள் தாயின் தோளில் கை வைத்தாள். ஆறுதலுக்கு அல்ல, எழுந்துவிடாமல் இருக்க.

மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லோர் காதிலும் ஓதப்பட்ட பாடம் அது. மருத்துவமனையில் கூட, நான்காம் நாள், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுச் சர்வேயர் சொன்னது அதைத்தான்: “ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு போகாது. தினமும் வெறும் தண்ணிதான் ஊத்தணும், மறந்துடாத.” நர்ஸ் வந்து முகமூடியைத் திரும்ப மாட்டினாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இருபத்தேழு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குக் கடைசியாகக் கிடைத்தது இந்த அறிவியல் குறிப்பு. வீடு வரும் வழியெல்லாம் அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

உப்பை ஒரேயடியாக இறக்கினாலும் மீன்கள் செத்துவிடும். ஒரு லிட்டர் எடுத்தால், ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுக் குடத்தை நாற்காலி மேல் ஏற்றினாள். ஜோடி மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கியிருந்தன. வாட்ச்மேனைக் காணோம்.

வாட்ச்மேன் என்பது விரல் நீள மஞ்சள் மீன். பாறைக்கடியில் கண் தெரியாத இறால் ஒன்று நாள் முழுக்கக் குழி தோண்டும். அதன் பெயர் காண்ட்ராக்டர். மீன் வாசலில் காவல் நிற்கும். இந்த மீனைத் தேர்ந்தெடுக்கச் சர்வேயர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு வளரும், யாரோடு சண்டை போடும் என்று விசாரித்து, கடைசியில் தன் கண்ணெதிரே அதற்குச் சாப்பாடு போடச் சொன்னார். “கடையில சாப்பிடாத மீன் வீட்ல வந்தா மட்டும் சாப்பிடுமா?” என்பார். அவளைக் கட்டிக்கொள்ளக் கால் மணி நேரத்தில் முடிவெடுத்தவர் அவர்.

தம்பிக்குப் பரிசு என்று அண்ணன் ஒரு முறை நீல மீன் ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். முழங்கை நீளம் வளரும் ஜாதி. சர்வேயர் பையை அவிழ்க்கவே இல்லை. “இத நாப்பது லிட்டர்ல விட்றது யானையக் குளியலறையில கட்டுற மாதிரி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். “மீன் வாங்கக் கூடவா போலீஸ் விசாரணை?” என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒரு வருடம் இந்தப் பக்கம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு உடல் வந்தது. கூடத்தில், தொட்டிக்கு எதிரிலேயே கிடத்தினார்கள், வேறு இடமில்லை.

“எழுந்து வாம்மா, பக்கத்துல உக்காரு,” என்றார் மச்சாண்டார்.

“இங்கேர்ந்து பக்கம்தான் மாமா. குழாய் ஓடுது.”

“நாலு பேர் என்ன நெனைப்பாங்க?”

“ஆறு பாயிண்ட் ஏத்தி வெச்சிருக்கீங்க. அத யார் இறக்குறது, நாலு பேரா?”

அவருக்குப் பாயிண்ட் புரியவில்லை, அவமானம் புரிந்தது. மைக் இல்லாத குறையைத் தொண்டையால் சரிக்கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தம்பியின் நேர்மை, அவன் அளந்த நிலங்கள், அவனுக்குத் தான் போட்டுக்கொடுத்த அடித்தளம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அவள் மறுபடி கருவியைப் பார்த்தாள். நாற்பது. பாறையடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. தப்பித்தவறிக்கூடத் திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“... அவன் உயிர் எங்கயும் போகல,” என்று மச்சாண்டார் கையை நீட்டினார், தொட்டிப் பக்கம்.

பாறையடியில் மணல் சரிந்தது. மஞ்சளாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு, ஒருபோதும் வாசலை விட்டு நகராத அந்த மீன், நேரே மேலே நீந்தி வந்து, கண்ணாடியோரம் நின்று கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

யாரோ விம்மினார்கள். இரண்டு செல்போன்கள் உயர்ந்தன.

“பாருங்க,” மச்சாண்டாருக்குக் குரல் உடைந்தது. “ஏதோ சொல்றான். என் தம்பி என்கிட்ட ஏதோ சொல்றான்.”

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மயக்கம் வருகிறது என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

ஐந்து நாளாக மீனுக்கு யாரும் சாப்பாடு போடவில்லை.