பக்கத்தில் ஆள் இருந்தால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தையல் மெஷினின் சத்தமாகத்தான் வந்தது. சத்தம் நின்று நின்று கேட்டது. ஏன் நிற்கிறது என்று பார்க்கப் போன இடத்தில், சாம்பல்தீவில், புஸ்பராணி அகப்பட்டாள்.

முதல் தொடக்கம்: ‘திருகோணமலையைப் போர் மேகங்கள்—’ வேண்டாம்.

இரண்டாவது: ‘புஸ்பராணிக்கு நாற்பத்து நான்கு வயது. அவள் தைக்கத் தொடங்கிய சட்டைகள் ஏராளம், முடித்தவை—’ இதில் கேலி இருக்கிறது. அவளைக் கேலி செய்ய ஊரில் ஏற்கெனவே போதிய ஆட்கள் இருந்தார்கள்.

2

ஊர் அவளுக்கு வைத்த பெயர் ‘பராக்கு’. சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு நூல் எடுக்க எழும்புவாள். வழியில் கோழிக்குத் தண்ணீர் வைப்பாள், அடுப்பை எட்டிப் பார்ப்பாள். பின்னேரம் அந்தச் சட்டையின் மேல் பூனை படுத்திருக்கும். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவராக நிலாவெளித் தையல்காரியிடம் போகத் தொடங்கினார்கள். தையலும் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. (கணவனைப் பற்றி ஒரு பந்தி வைத்திருந்தேன். மனிதர் கதைக்குள் சும்மா குந்திக்கொண்டிருந்தார். எழுப்பி அனுப்பிவிட்டேன்.)

நித்திரை வரவில்லை என்று மருந்துக்குப் போன இடத்தில் டொக்டர் அவளுடைய பள்ளிக்கூட நாட்களைத் துருவித் துருவிக் கேட்டார். இது சோம்பல் இல்லை, சின்ன வயதிலிருந்தே இருக்கிற கவனக் குறைபாடு, ஏ.டி.எச்.டி என்று பெயர் என்றார். அவள் அழுதுவிட்டாள். இத்தனை வருடம் வாங்கிய ஏச்சுக்கு யார் பதில் சொல்வது? பெயர் கிடைத்தது நல்லதுதான், ஆனால் பெயர் சட்டை தைத்துத் தராதே. டொக்டர் அவளை, இப்படிப்பட்டவர்களுக்கு வேலையை முடிக்கப் பழக்குகிற ஒரு பயிற்றுநரிடம் அனுப்பினார்.

3

பயிற்றுநர் உம்மு குல்சும் மூதூர்க்காரி, முப்பது வயது. [முதலில் இவரை அறிவுரை சொல்பவராக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்கச் சொன்னார். எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்தேன்.] கிழமைக்கு ஒருமுறை மோட்டார் லோஞ்சில் குடாவைக் கடந்து, பஸ் பிடித்து, சாம்பல்தீவில் இறங்குவார். வந்தால் கேள்விதான் கேட்பார்.

“நீங்க தொடங்கி முடிச்ச வேலை ஒண்டச் சொல்லுங்க, அக்கா.”

“அப்பிடி ஒண்டும் இல்லை, மிஸ்.”

“யோசிங்க. அவசரமில்ல.”

யோசித்தாள். “சுனாமி முகாமில பிள்ளையளுக்கு உடுப்புத் தைச்சனான். எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்தனான்.”

“அங்க என்ன வித்தியாசம்?”

“சனம். சுத்திவர சனம் இருந்தது.” சொன்னவளே திகைத்துப் போனாள். “மிஸ், பக்கத்தில ஆள் இருந்தால் எனக்கு ஏலும்!”

தனக்கு முன்பே தெரியும் என்று குல்சும் காட்டிக்கொள்ளவில்லை. கதிரையை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கச்சான் கடலை உடைக்கத் தொடங்கினார். கதை பேச்சு இல்லை. புஸ்பராணிக்கு எழும்ப மனம் உன்னும்போதெல்லாம் கச்சான் உடைகிற சத்தம் கேட்டது, அவள் திரும்பவும் மெஷினை மிதித்தாள். பின்னேரம் ஒரு சட்டை முடிந்திருந்தது. குல்சுமை எனக்குப் பிடித்துப்போனது, அதை ஏன் மறைக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு கச்சான் உடைக்கிறவர்கள் குறைவு.

வர முடியாத கிழமைகளில் தொலைபேசி. அவர் மூதூரில் தன் வேலையைப் பார்ப்பார், இவள் இங்கே தைப்பாள், லைன் திறந்தபடி கிடக்கும்.

4

2006 ஆகஸ்ட். மூதூரில் சண்டை தொடங்கிவிட்டது. சாம்பல்தீவில் கனகரத்தினம், நிலைமை சரியில்லை என்று மகளின் கலியாணத்தை அடுத்த நாளுக்கே மாற்றிவிட்டார். கலியாணப் பொம்பிளை கூறைச் சேலையோடு போடுகிற சட்டை புஸ்பராணியிடம் வெட்டிய துண்டுகளாகக் கிடந்தது.

“புஸ்பம், உன்னை நம்பித்தான் இருக்கிறன்,” என்று சொல்லிவிட்டுப் போனார் கனகரத்தினம்.

அவளோ ரேடியோவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது.

(அந்த நாட்களில் மூதூரில் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இருக்கலாம். இந்தக் கதையில் வேலை செய்கிறது.)

“அக்கா, சட்டை எந்தளவில?”

“சட்டை கிடக்கட்டும் மிஸ்! நீங்கள் எங்க?”

“பள்ளிக்கூடத்துக்குள்ள. சனமெல்லாம் இங்கதான்.” ஏதோ வெடித்தது. குல்சுமின் குரல் இறங்கியது. “எனக்குப் பயமா இரிக்கு, அக்கா. நீங்க தைங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும்.”

புஸ்பராணி தொலைபேசியை மெஷின் பலகையில் வைத்தாள். “பக்கத்திலதான் இருக்கிறன், தங்கச்சி,” என்றாள். பிறகு தைத்தாள். கை பொருத்தினாள், கழுத்தை மடித்து அடித்தாள். கோழி கத்தியது, அவள் திரும்பவில்லை.

5

முதலாம் முடிவு: லைன் அறுந்து— இதை எழுதக் கை வரவில்லை.

இரண்டாம் முடிவு: இரண்டு கிழமை கழித்துக் குல்சும் பஸ்ஸால் இறங்கி, கையில் கடதாசிச் சரையில் கச்சானோடு— இதை எழுத ஆசைதான். ஆனால் அன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவன் நான் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சட்டை முடிந்துவிட்டது. புஸ்பராணி அதை மடித்து வைத்துவிட்டாள். லைனில் இன்னும் மூச்சுக் கேட்கிறது. மெஷின் நின்றால் குல்சும் அங்கே தனித்துப்போவார். அதனால், எதையும் முடிக்கமாட்டாள் என்று பெயரெடுத்தவள் ஒரு பழைய துணியை ஊசிக்குக் கீழே வைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், திரும்ப அங்கிருந்து இங்கேயும் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் எனக்கும் எழுத ஏலாது. நீங்கள் இருந்தபடியால்தான் இதுவரைக்கும் வந்தது. முடிவைச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. கச்சான் இருந்தால் உடையுங்கள். கதிரையை விட்டு மட்டும் எழும்பாதீர்கள், லைன் இன்னும்