கேள்வி அவருக்கு, பதில் எனக்கு

என் வீட்டுக்காரருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். எங்கள் பழைய சலூனில் அவர் வெட்டிய முடியைவிட அளந்த கதைதான் அதிகம். தாடி மழிக்க வந்தவர், பாதிக் கதையில் எழுந்து போக மனமில்லாமல் முடியையும் வெட்டிக்கொண்டு போவார்.

பிழைப்புக்காக இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்ததும் ரேடியோ நின்றுவிட்டது. இங்கே சலூனுக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முதலாளியம்மா ஒருவர்தான் தமிழ் பேசுவார். அவர் எனக்குத் துண்டு துவைத்து மடிக்கிற வேலையும், இவருக்குத் தலை அலசிவிடுகிற வேலையும் கொடுத்தார். காலமெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த மனிதர், இன்னொருவர் வெட்டப்போகிற தலைக்கு ஷாம்பு போட்டார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவார். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும் "ம்" என்பார். அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மனிதர் பழையபடி பேசினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன்.

"அக்கா, அவரு வெட்டுனா பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஒரு நாற்காலி குடுத்துப் பாருங்களேன்."

"வெட்டுவாரும்மா, தெரியும். வர்றவங்க முடிக்கு மட்டுமா வர்றாங்க? நாலு வார்த்தை பேசணும்ல. வெயிலு, மழைன்னாவது பேசத் தெரிய வேண்டாமா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, அடுத்த சனிக்கிழமை பக்கத்து பேக்கரிக்காரர் வருவாரு. இவரையே வெட்டச் சொல்றேன். வெட்டி முடிக்கிற வரைக்கும் பேச்சு நிக்கக் கூடாது. சமாளிச்சிட்டாருன்னா நாற்காலி அவருக்கு. இல்லைன்னா இதைப் பத்தி என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இரண்டு பேரும் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தோம். நல்ல காலம், முதல் பாடமே வானிலை. புத்தகத்தில் ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார். "ஹவ் இஸ் தி வெதர் டுடே?" "இட் இஸ் சன்னி." "டூ யூ லைக் தி ரெயின்?" "யெஸ், ஐ டூ." வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது இவர் கேட்பார், நான் சொல்வேன்.

"இன்னைக்கு மாத்திக்கலாம். நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு? கத்தரிக்கோல் என் கையில. நான்தான் கேப்பேன். உக்காந்திருக்கிறவர் பதில் சொல்லிட்டுப் போறாரு."

"அவரு திருப்பிக் கேட்டா?"

"தலையை என்கிட்ட குடுத்துட்டு யாராவது எதிர்க்கேள்வி கேப்பாங்களா?"

வீம்பு பிடித்த மனிதர். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாரே என்ற பூரிப்பில் நானும் விட்டுவிட்டேன். அது என் தப்புதான்.

சனிக்கிழமை பேக்கரிக்காரர் வந்தார். ஆள் மலை மாதிரி, பேச்சோ எறும்பளவு. இவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹவ் இஸ் தி வெதர் டுடே?" என்றார்.

"சன்னி."

"டூ யூ லைக் தி ரெயின்?"

"நோ."

இப்படி ஒற்றை ஒற்றை வார்த்தையாகவே பதில் வந்தால் பாடம் எத்தனை நேரம் தாங்கும்? ஒரு காதுப்பக்கம் வெட்டி முடிப்பதற்குள் புத்தகத்துக் கேள்வியெல்லாம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் அந்தப் பேக்கரிக்காரர் கண்ணாடியில் இவரைப் பார்த்து, அன்பாகத்தான், "யுவர் ஹோம்? ஹவ் இஸ் தி வெதர் தேர்?" என்று கேட்டுவைத்தார்.

கத்தரிக்கோல் நின்றது. இவர் திருதிருவென்று முழித்தார். கல்லாவில் இருந்த முதலாளியம்மா தலையை நிமிர்த்தினார். பதில் என் நாக்கு நுனியில் துடிக்கிறது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஹாட்!" என்று துண்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

இவருக்கு என்ன வேகம் வந்ததோ, டிரையரை எடுத்து முழுச் சூட்டில் திருப்பி பேக்கரிக்காரரின் பிடரியில் பிடித்தார். "ஹாட்! வெரி ஹாட்!" அவர் துள்ளிவிட்டார். தலை அலசுகிற வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் பேக்கரிக்காரர் முகம் மெல்ல மலர்ந்தது. "அண்ட் ரெயின்?" என்றார்.

"ஸ்மால் ரெயின்" என்றேன் நான். இவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு தெளிப்பு தெளித்தார். "பிக் ரெயின்!" என்றேன். பாட்டில் காலியாகிற வரை அமுக்கினார். "விண்ட்!" என்றதும் டிரையரைச் சுழற்றினார். வெட்டிக் கிடந்த முடியெல்லாம் சலூன் முழுக்கப் பறந்தது. மூடுபனிக்குப் பவுடர் டப்பாவைத் தட்டினார். பேக்கரிக்காரர் மூக்கும் மீசையும் வெள்ளையாகி, தன் கடையில் நிற்கிறவர் மாதிரியே ஆகிவிட்டார். அந்த மலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மற்ற நாற்காலிக்காரர்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அதற்குள் இவருக்கு மடை திறந்துவிட்டது. புயலில் எங்கள் பழைய சலூன் பெயர்ப்பலகை பறந்துபோய் எதிர்வீட்டு மாடியில் விழுந்த கதையை ஆரம்பித்தார். பிக் விண்ட், பிக் ரெயின், மிச்சமெல்லாம் சுத்தத் தமிழ். பேக்கரிக்காரர் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்ட, அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி கத்தரிக்கோல் ஓடியது. முடி வெட்டி முடிந்தது. கதை முடியவில்லை.

முதலாளியம்மா எழுந்து வந்து தரையைப் பார்த்தார். "இதை யாரு கூட்டுறது?"

"நான் கூட்டிடுறேன்க்கா."

"கூட்டிட்டு, அந்த ஜன்னலோர நாற்காலியைத் துடைச்சு வை. திங்கக்கிழமையிலேர்ந்து உன் வீட்டுக்காரர் அங்கதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மடித்து வைத்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினேன். அதை மறுபடி துவைக்கப் போகிறவளும் நான்தான், அது அப்போது நினைவில்லை.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு தபால்காரர் நின்றிருந்தார். இவர் சும்மா இருப்பாரா? "ஹவ் இஸ் தி வெதர் டுடே?" என்று ஆரம்பித்தார். அவர் என்னவோ சொல்லி, என்னவோ திருப்பிக் கேட்டார். இவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். பஸ் வந்தது.

"என்னங்க, பஸ்ஸு!"

"நீ ஏறு, வந்துட்டேன்."

ஏறினேன். கதவு மூடிக்கொண்டது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மனிதர் பஸ் கிளம்பியதையே கவனிக்காமல் கையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். தபால்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் காத்து நின்றேன். பின்னாலேயே ஒரு பஸ் வந்தது, அதில் அவர் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.