‘உடுப்பு’ என்ற கட்டம்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு திருத்தத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் நீங்கள் கண்டுபிடித்துத் துள்ள வேண்டியிருக்காது.

வருடம் 2006. லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் மேல்வீட்டு ஜதுர்ஷிகா ஏ லெவலில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டுக்கு அவளே வீடியோ எடுக்க வேண்டும். அதற்கு முன் எழுத்தில் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். திட்டம் தேறினால்தான் பள்ளிக்கூடம் கமரா தரும். அவளுடைய தாய் கமலாம்பிகை அந்த இரண்டு தாள்களையும் என்னிடம் கொண்டுவந்தார்.

“அண்ணை, நீங்கள் பேப்பரில எழுதிற ஆள். ஒருக்காத் திருத்திவிடுங்கோ.”

திருத்தினேன். ‘அம்மா சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறா’ என்ற பிள்ளையின் வரியை ‘புலம்பெயர்ந்த உடலின் இருப்புசார் வெறுமை’ என்று மாற்றினேன். (ஆங்கிலத்தில் அது இன்னும் மோசம்.)

ரீச்சர் ஓரத்தில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: ‘அழகு. கமராவை எங்கே வைக்கப் போகிறாய்? வெள்ளிக்குள் எல்லாக் கட்டமும் நிரப்பிய திட்டம் வேண்டும். இல்லையென்றால் கமரா இல்லை.’

2

வானம் தன் சாம்பல்நிறத் துயரத்தை ஹவுன்ஸ்லோவின் மீது

(விட்டுவிடுகிறேன். அன்று நல்ல வெயில்.)

ஜதுர்ஷிகா தாளை என் முன்னால் போட்டாள்.

“அங்கிள், இந்த வெறுமையை எப்பிடி ஷூட் பண்ணுறது?”

“மெதுவாக.”

“அங்கிள்!”

“சரி, நீயே சொல்லு பிள்ளை. என்னதான் வேணும் உனக்கு?”

அவளுக்கு வேண்டியது சிறியது. பாட்டு அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடியது. ஷிப்ட் முடியக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. கமலாம்பிகை விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே கமராவுக்கு அனுமதி இல்லை என்பதால், வீட்டுக் குசினியில், வேலை உடுப்போடு, தலையில் முடிவலையோடு நின்று தட்டுகளை அடுக்கியபடி பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.

எனவே கோடு போட்டோம். ஷொட், செக்கன், இடம், உடுப்பு என்று நான்கு கட்டம். வெறுமைக்குக் கட்டம் இல்லை.*

*ஒரு கட்டம் கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.

3

தடங்கல் நான்காவது கட்டத்தில் வந்தது.

“தலையில நெற்றோடயோ? நான் நிக்கமாட்டன்,” என்றார் கமலாம்பிகை. “கலியாணக் கூறைச் சீலை கிடக்கு. அட்டியலும் போடுறன். எத்தினை கொப்பி அடிப்பியள்?”

“ஒண்டு, அம்மா. மார்க் போடுறவைக்கு.”

“ஒண்டோ? ஒரு கொப்பிக்கு ஆரும் வீடியோ எடுப்பினமோ?”

அவர் பக்கம் நியாயம் உண்டு. எங்கள் சனம் வீடியோ எடுத்தால், அது பிறந்தநாளோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, பத்துக் கொப்பி தபாலில் போகும். கனடாவில் ஒரு வீடு விடுபட்டால் மூன்று வருடம் கதைபேச்சு இருக்காது. அந்த முறைப்படியே இவர் ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா அருமைநாயகிக்கு ஏற்கெனவே அறிவித்துவிட்டார்: பிள்ளை வீடியோ எடுக்கிறாள், நான்தான் கதாநாயகி, கொப்பி வரும்.

“அதுக்கு நெற் போட்டா என்ன?” என்றேன்.

அவர் கேத்திலைத் துடைத்தார். கேத்தில் சுத்தமாகத்தான் இருந்தது.

“அக்காவுக்கு நான் எயார்போட் ஒஃபிஸ் எண்டு சொல்லியிருக்கிறன், அண்ணை. ஆறு வருசமா.”

“சாறியில தட்டு அடுக்கினா அது கலியாண வீட்டுக் குசினி, அம்மா,” என்றாள் மகள். “ஐ கான்ட் யூஸ் இட்.”

4

முடிவு அ: கமலாம்பிகை கூறைச் சீலையில் தட்டு அடுக்குகிறார். ரீச்சர் அதில் ஆழ்ந்த முரண் கண்டு முழுப் புள்ளி போடுகிறார். (என் வியாதியை ரீச்சருக்கு ஒட்டப் பார்க்கிறேன்.)

முடிவு ஆ: கமலாம்பிகை கண்கலங்கி, உழைப்பின் மகத்துவம் பற்றி ஒரு பக்கம் பேசுகிறார். (இதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். “நான் எப்ப அண்ணை இப்பிடிக் கதைச்சனான்? டிராமாக்காரி மாதிரி.” கிழித்தேன்.)

முடிவு இ: மகளே வலையைப் போட்டுக்கொண்டு

(வேண்டாம். அவளுக்கு அம்மாதான் வேண்டும்.)

5

வியாழன் நான்கு மணி. ஷிப்ட் முடிந்து வந்த கமலாம்பிகை சப்பாத்தைக் கழற்றாமலே மேசையில் கிடந்த திட்டத்தைப் பார்த்தார்.

“இதென்ன, ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு செக்கன்?”

“அங்கிள் சொன்னவர்.”

“அங்கிள் எங்கை தட்டு அடுக்கினவர்? நாலு செக்கன். பன்னிரண்டெண்டா சூப்பவைசர் பின்னால வந்து நிப்பான். முதல் பாண், பிறகு பட்டர், பிறகு கேக், கடைசியா மூடி. பட்டரைப் பிந்தி வைச்சா மூடி இறங்காது.” நடுவிரலால் மேசையில் தட்டிக் காட்டினார். நான்கு தட்டு. பிறகு நான்கு.

ஜதுர்ஷிகா பாட்டைப் போட்டாள். இரண்டும் பொருந்தவில்லை. கமலாம்பிகை தலையைச் சாய்த்துக் கேட்டு, கையை ஒரு துளி வேகப்படுத்தினார். பொருந்தியது. பிள்ளை மூச்சுவிடாமல் எழுதினாள். பதினெட்டு ஷொட்டும் பத்து நிமிடத்தில் திருந்தின. நான் தேத்தண்ணி போட்டேன்; அன்று என்னால் ஏலுமான ஒரே இலக்கியப் பங்களிப்பு.

“உடுப்பு?” என்றாள் மகள். “நாளைக்குக் குடுக்கோணும்.”

கமலாம்பிகை கைப்பைக்குள் இருந்து தொலைபேசி அட்டையை எடுத்து, இலக்கத்தைச் சுரண்டி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரொறொன்ரோவில் அப்போது காலை பதினொன்று. “அக்கா, நான் ஒண்டு சொல்லோணும்” என்பது வரை கேட்டது. நாங்கள் இருவரும் கப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். பேனையை வாங்கி, கட்டத்துக்குள் தமிழில் மூன்று சொல் எழுதினார். தமிழ்ப் பள்ளியை நாலாம் வகுப்போடு விட்ட ஜதுர்ஷிகா தாளை என் பக்கம் தள்ளினாள்.

“இங்கிலிஷில எழுதுங்கோ, அங்கிள். ஒண்டும் கூட்டாமல்.”

கூட்டாமல் எழுதினேன். வாழ்க்கையில் முதல்தடவை.

அந்த மூன்று சொல்லை இங்கே எழுத நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் நாலாவது சொல் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கட்டத்தை உங்களிடம் விடுகிறேன். நிரப்புங்கள். பேனையை எடுக்க முதல், ஊர் உலகத்துக்கு நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லிவைத்திருப்பதை யார் முழுக்க நம்புகிறாரோ, அவருக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துவிட்டு.