ஒரு மிஷினுக்கு ஒரு சைக்கிள்

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வேன் வாங்கித் தர, எங்கள் கம்பெனி ஆட்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டப் போகிறார்கள் என்றதும் நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் முனிரத்தினம். அவரும் பெயர் கொடுத்திருந்தார். அடுத்த திங்கள்கிழமை முதல் அவருக்கு ராணிப்பேட்டை கிளையில் வேலை. ஒரு நாள் முழுக்கக் கூடவே சைக்கிள் மிதித்தால், எங்காவது ஓர் இடத்தில் மனசில் இருப்பதைச் சொல்லிவிட மாட்டேனா என்று ஒரு நப்பாசை.

ஸ்ரீபெரும்புதூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற கம்பெனி எங்களுடையது. ஏழாம் நம்பர் மிஷினில் காலை ஷிப்டுக்கு நான், மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர். ராத்திரியில் மிஷின் ஓடாது. ஆறு வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பேசியதில்லை. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவர் மிஷினில் இருக்கிற குறையையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வருகிறவர் கேட்டுக்கொண்டு, "வாங்கிக்கினேன்" என்று சொன்ன பிறகுதான் நகரலாம்.

"பெல்ட் வழுக்குது. வலது பக்கம் சூடாவுது," என்பேன்.

"வாங்கிக்கினேன்," என்பார். நான் கிளம்பிவிடுவேன்.

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மிஷின் துடைத்திருக்கும், ஸ்டூல் என் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கும். அவர் நெட்டை, நான் குட்டை. இறக்கி வையுங்கள் என்று நான் கேட்டதே கிடையாது. ஒரு மனுஷனைப் பிடித்துப்போக எனக்கு இது போதுமானதாக இருந்தது.

அவர் மனைவி இறந்து நாலு வருஷம். நான் இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயசாகியிருந்தது. "இனிமே கனகத்துக்கு எதுக்குக் கல்யாணம்?" என்று எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் என் காதுபடப் பேசியவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

என் திட்டத்தில் மண் அள்ளிப் போட்டவர் வெல்பேர் ஆபீசர் பரசுராமன். வாடகை சைக்கிள் பற்றாக்குறையாம். காலை ஷிப்ட் பெண்கள், மதிய ஷிப்ட் ஆண்கள் என்பதால், ஒரு மிஷினுக்கு ஒரு சைக்கிள் என்று பிரித்துவிட்டார். காஞ்சிபுரம், வாலாஜாபாத் சுற்றி ஒரகடம் வரை ஆண்கள். ஒரகடத்திலிருந்து கம்பெனிக்குப் பெண்கள். அங்கே சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஆண்கள் வேனில் ஏறிவிட வேண்டும். ஷிப்டில்தான் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தோம் என்றால் தருமத்திலுமா?

"பொம்பளைங்கன்னா கடைசித் துண்டுதானா சார்?" என்று கத்தினேன். கத்தியதற்கு அது காரணமில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரகடம் கூட்டு ரோட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். ஒரு டீக்கடை, அதைத் தாண்டினால் வெறும் பொட்டல். பக்கத்து மிஷின் லூர்தம்மாளுக்கு மட்டும் என் விஷயம் தெரியும்.

"இன்னிக்கி வுட்டா போச்சுடி," என்றாள்.

"தெரியும், வாய மூடு," என்றேன்.

எல்லோரும் வந்து சேர்ந்து, கடைசியாக முனிரத்தினம் வந்தார். குட்டையான நான் ஓட்ட வேண்டுமென்பதால் எங்கள் மிஷினுக்கு லேடீஸ் சைக்கிள். முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க, முன்னால் கட்டிய காசு உண்டி குலுங்க, வெயிலில் கருத்துப்போய் வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இறங்கி என் எதிரில் வந்து, வழக்கம்போல நான் குறை சொல்லட்டும் என்று நின்றார். நானும் நின்றேன். இன்றைக்கு ஒப்படைக்க வேண்டியது தான்தான் என்பது அவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

"பின் பிரேக் புடிக்கல. செயின் ரெண்டு வாட்டி கழண்டுச்சு. பெல் அடிக்காது, உண்டிய ஆட்டுனா சத்தம் வரும்."

"வாங்கிக்கினேன்," என்றேன்.

சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வேனைப் பார்த்து நடந்தேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு கிளம்பிப் போகிறவள் எப்போதும் நான்தானே, கால் தானாகப் போய்விட்டது. அவரும் எப்போதும் போல நின்ற இடத்திலேயே நின்றார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. கூட்டு ரோடே சிரித்தது.

எனக்கு மானம் போயிற்று. மானம் போனால் கோபம் வரும், கோபம் வந்தால் பயம் போய்விடும். விறுவிறு என்று திரும்பி வந்தேன்.

"நானும் ஒண்ணு ஒப்படைக்கணும், கேட்டுக்கங்க. எனக்குக் கோவம் மூக்கு மேல வரும். வயசு முப்பத்திரண்டு. சமையல் சுமார்தான். அம்மாவ வுட்டுட்டு எங்கியும் வர மாட்டேன், கூட்டினுதான் வருவேன். திங்கக்கெழம நீங்க இல்லாத மிஷின்ல உக்காரணுமேன்னு நெனச்சா அழுகையா வருது. அவ்ளோதான், எதையும் ஒளிக்கல."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். பரசுராமன் வாயில் வைத்த விசிலை ஊதவில்லை. முனிரத்தினம் உண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"கோவம் தெரியும்," என்றார் மெதுவாக. "கோவமா கீற அன்னிக்கி கம்பிய இழுத்துப் புடிக்கிற திருகாணிய முறுக்கி வெச்சிட்டுப் பூடுவீங்க. குறடு போட்டுத்தான் தொறப்பேன். மத்ததெல்லாம் இப்பத்தான் தெரியும்."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்கிக்கினேன்."

லூர்தம்மாள் ஓவென்று அழுதாள். அழ வேண்டியவள் நான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"ஜென்ட்ஸ் எல்லாம் வேன்ல ஏறுங்க!" என்று பரசுராமன் கத்தினார்.

நான் சைக்கிளில் ஏறிக்கொண்டு கேரியரைக் காட்டினேன். "உக்காருங்க."

"பின் பிரேக் புடிக்கலன்னு சொன்னனே."

"நீங்கதான பின்னால கீறீங்க? கால ஊணுங்க."

உட்கார்ந்தார். அவ்வளவு நெட்டை மனுஷனை வைத்து மிதிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. டீக்கடைக்காரர் ஓடி வந்து உண்டியில் காசு போட்டார். வழியெல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், சிரித்ததற்காகவே போட்டார்கள். இறக்கம் வந்தால் அவர் காலைத் தேய்ப்பார், மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். பேச்சுதான் இல்லை. எனக்குக் கோபம் வர ஆரம்பித்தபோது, கம்பெனி கேட் கண்ணுக்குத் தெரியும்போது, வாயைத் திறந்தார்.

"ராணிப்பேட்டைல மாடி ரூம் பாத்து வெச்சிருக்கேன். அம்மாவால படி ஏற முடியுமா?"

"முடியாது," என்றேன்.

"அப்போ கீழ் வூடா பாக்கறேன்," என்றார்.