சீட்டு எழுதிய சைக்கிள்

“உள்ள விட முடியாதும்மா,” என்றார் காவலாளி தம்புசாமி.

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கின் வாசலில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள் குமுதா. பண்டமாரானிலிருந்து லோரிகளுக்கு நடுவே மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. புது ரோட் பைக் சைக்கிளில் வேலைக்கு வரும் முதல் நாள்.

“ஏண்ணே? ஒம்பது வருசமா வரேன். என்னைத் தெரியாதா?”

“ஒன்னைத் தெரியும். இதத் தெரியாது. வண்டினா ஸ்டிக்கர் வேணும். ஸ்டிக்கருக்கு நம்பர் பிளேட் வேணும். இதுல பிளேட் எங்க?”

“சைக்கிளுக்கு எவன் பிளேட் குடுக்குறான்?”

“அப்ப வெளிய வேலில பூட்டிட்டு வா லா.”

“சாயந்தரம் பூட்டு மட்டுந்தான் இருக்கும்! போன மாசம் அங்கதானே மூணு ஹெல்மெட் காணாமப் போச்சு? நீங்கதானே ரிப்போர்ட் எழுதுனீங்க?”

தம்புசாமி தாடையைச் சொறிந்தார். “ஒன் வீட்டுக்காரருதான் கார்ல கொண்டாந்து விடுவாரே. அதுக்கென்னா கொறச்சல்?”

குமுதாவுக்குச் சுரீரென்றது.

“அவரு எந்திரிக்கிற நேரத்துக்கு நான் வேலைக்கு வரணும். அவரு கூட்டாளிங்களோட தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இங்க காவ நிக்கணும். நேத்து ஒன்றரை மணி நேரம். நீங்களே பாத்தீங்க. கேட்டா, ‘நான் இல்லாட்டி நீ எப்படிப் போவே’ன்னு சிரிக்கிறாரு. இன்னிக்கு இத உள்ள விடலேன்னா நாளைக்கு மறுபடியும் அந்தக் கார்லதான் நான் ஏறணும்.”

“ரூல்ஸ் நானா போட்டேன்? அந்த நோட்டீசப் படி. நீதானே டைப் அடிச்சே.”

ஸ்டிக்கர் இல்லாத வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மேனேஜர் சொன்னார் என்று அவளே அடித்து, அவளே லேமினேட் செய்து ஒட்டியது. தன் மேலேயே எரிச்சல் வந்தது. அதையும் தம்புசாமி மேல்தான் காட்டினாள். சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

“இப்ப வண்டி இல்ல. நடந்து வரேன். தள்ளுங்க.”

“தோள்ல இருந்தா அது சரக்கு. சரக்குனா சீட்டு வேணும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கிடங்கில் உள்ளே வரும் சரக்குக்கெல்லாம் சீட்டு எழுதுவதே குமுதாதான்.

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. “அக்கா, சண்டைய முடிங்க லா!”

“ஹாரன ஒன் வீட்டுல போயி அடி!”

சைக்கிளை இறக்கிவிட்டு, காவல் அறை ஜன்னலுக்குள் கையை விட்டுச் சீட்டுப் புத்தகத்தை இழுத்தாள். சைக்கிள், ஒன்று. பெறுபவர், குமுதா. பேனா அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

“சாப் அடிங்க,” என்று முத்திரையைக் காட்டினாள்.

“மேனேஜர் கேட்டா?”

“என்கிட்ட அனுப்புங்க. அவருக்கும் சேத்து வச்சிருக்கேன்.”

“சாயந்தரம் வெளிய போறதுக்கு?”

“அதுக்கும் சீட்டு. நாளைக்கும் சீட்டு. இந்தப் புக்கு முடிஞ்சா அடுத்த புக்கு.”

தம்புசாமி முத்திரையைக் குத்தினார். தடுப்புக் கட்டையை அவள் தலை நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்தினார்.

“முழுசாத் தூக்குங்கண்ணே,” என்றாள். “குனிஞ்செல்லாம் வர முடியாது.”